இருவர் அமரும் வண்டி

எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர். வாசலில் நிற்கும் வண்டியிலோ இருவர்தாம் அமரலாம். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால், "இரண்டு தடவை போய் வர வேண்டும், ஸார்!" என்று உடனே விடை சொல்லிவிடுவான். இருபது வருஷமாகப் பௌதிகம் கற்பித்து வரும் நான், நன்றாக யோசித்து, கையெழுத்தும் போட்டு, அந்த வண்டியை வாங்கி வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்துக் கொண்டு, இந்தப் பத்தியையும் எழுதி வருகிறவன் நான் என்பது அன்பர்கள் அறிந்ததே. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போகவும், அரிசி பருப்பு வாங்கி வரவும் எங்களிடம் சாதாரணக் குடும்ப வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆகையால் இரண்டாவது வண்டியை 'அவசியம்' என்று நான் சொல்லிக் கொள்ள வழியில்லை. 'ஆசை' என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு வரும் ஆசைகளில் இது கொஞ்சம் விலை மலிவானது என்று மட்டும் சமாதானம் சொல்லலாம்.

இப்பொழுது என் மூத்த பெண்ணுக்கு 17 வயது நிறையப் போகிறது. இந்நாட்டில் அந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. "அப்பா, சின்ன வண்டியின் சாவியை எனக்கு எப்போது கொடுப்பீர்கள்?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள். அவளுக்கு விடை சொல்வதற்கு முன்னால், அந்த வண்டி எப்படிப்பட்டது என்பதையும், சென்ற அக்டோபர் மாதத்தில் நான் செய்த ஒரு பிழையையும் நான் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பெண்ணிடம் சொல்லியாயிற்று. வாசகர்களிடமும் சொல்லிவிட்டால் மனத்தின் பாரம் குறையும்.

*

வண்டியை இழுக்கும் சக்தி எங்கே இருக்க வேண்டும்? நம் ஊர்க் கட்டை வண்டிக்காரரைக் கேட்டால், "மாடு முன்னால், வண்டி பின்னால். இதில் என்ன ஐயா சந்தேகம்?" என்பார். மோட்டார் வண்டி செய்தவர்களில் பெரும்பாலோரும் நெடுங்காலம் இவ்விதமே எண்ணி, எஞ்சினை முன்னால் வைத்தார்கள். ஆனால் அதே வண்டிக்காரருக்கு இன்னொரு சூட்சுமமும் தெரியும். மூட்டை ஏற்றும்போது முன்பாரமா, பின்பாரமா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுக்குவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பாரம் எத்தனை மணங்கு என்பது ஒரு விஷயம். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தோளில் காவடித் தண்டை வைத்து, இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தூக்கிச் செல்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? சந்து முனையில் அவரால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கிவிட்டாலோ, சட்டென்று நிற்கவும் முடியாது. குடங்கள் அவரையும் சேர்த்துச் சுழற்றிக்கொண்டு போகும். அதே இரண்டு குடங்களை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டால், கனம் மாறுவதில்லை. ஆனால் மனிதர் நினைத்த கணத்தில் திரும்புவார். நடுவை விட்டுப் பாரம் எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அவ்வளவுக்குத் திரும்புவது கஷ்டம். பௌதிகப் புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. காவடிக்காரருக்கு அந்தப் பெயர் தேவையில்லை.

'நடு எஞ்சின் வண்டி' என்பதன் தத்துவம் இதுதான். எஞ்சினை மூக்கிலும் வைக்காமல், வாலிலும் வைக்காமல், ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் வைத்து விடுகிறார்கள். குடங்கள் மார்போடு அணைந்துவிட்டன. ஸ்டியரிங் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும், வண்டி எண்ணியதுபோல் திரும்புகிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. எஞ்சின் இருக்கும் இடத்தில் பின் ஆசனம் இராது. பெட்டி படுக்கை வைக்கவும் இடம் இராது. குடும்பஸ்தர்களுக்கு இது ஏற்றதல்லவென்று சொல்லாமலே விளங்கும்.

பந்தயக்காரர்களுக்குக் குடும்பத்தைப் பற்றிய கவலை இல்லையாகையால், அவர்களே இதை முதலில் பிடித்துக் கொண்டார்கள். 1934-ல் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் கம்பெனிக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வகுத்துக் கொடுத்த பந்தய வண்டியில், 16 ஸிலிண்டர் கொண்ட எஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பின்னால் அமைந்திருந்தது. அதன் வேகத்தை எல்லோரும் வியந்தார்கள். அதை அடக்கி ஓட்டத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்ததும், லண்டனுக்கு அருகில் சர்பிட்டன் என்ற இடத்தில் பட்டறை வைத்திருந்த கூப்பர் என்ற தந்தையும் மகனும், சிறு பந்தய வண்டிகளைக் கட்டத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைத்தான் அவற்றில் பொருத்தினார்கள். சங்கிலி கொண்டு பின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டியிருந்தபடியால், எஞ்சினைப் பின்னால் வைப்பதே அவர்களுக்குச் சுலபமாயிருந்தது. சௌகரியத்துக்காகச் செய்த அந்தக் காரியம் பின்னர் உலகத்தையே மாற்றிவிட்டது. 1958-ல் அர்ஜென்டைனாவில் நடந்த பெரும் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் கூப்பர் வண்டி ஒன்றில் வெற்றி பெற்றார். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பர் வண்டியிலேயே உலக வீரர் பட்டத்தைப் பெற்றார். அடுத்த சில வருஷங்களில் முன் எஞ்சின் வண்டிகள் அந்தப் பந்தயக் களத்திலிருந்து மறைந்தே போயின.

1966-ல் இத்தாலியில் லம்போர்கினி கம்பெனியார், 12 ஸிலிண்டர் எஞ்சினை ஆசனங்களுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, 'மியூரா' என்னும் வண்டியை வெளியிட்டார்கள். கண்டவர்கள் மயங்கினார்கள். வாங்கக் கூடியவர்களோ பிரபுக்களும் சினிமா நட்சத்திரங்களுமே. உபாத்தியாயர்கள் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிரபுக்களின் இந்த விளையாட்டுப் பொருள் எப்படி நம் போன்றோர் கைக்கு வந்தது? அதுதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முன் சக்கரங்களை எஞ்சின் இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு குடும்ப வண்டிகள் அந்த நாட்களில் ஐரோப்பாவில் பெருகத் தொடங்கின. அவற்றில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கட்டாக, குறுக்காக, முன் சக்கரங்களின் நடுவில் பொருந்தியிருக்கும். ஃபியட் 128 என்பது அப்படிப்பட்ட ஒரு குடும்ப வண்டி. அந்தக் கட்டை அப்படியே தூக்கி இரண்டு ஆசனங்களுக்குப் பின்னால் வைத்தால் என்ன? பின் சக்கரங்களை அது சுழற்றாதா? இந்த யோசனையிலிருந்துதான் 1972-ல் 'எக்ஸ் ஒன் நைன்' பிறந்தது. பெர்டோனே என்ற சிற்பசாலையார் அதற்கு உருவம் கொடுத்தார்கள். புதிதாக எஞ்சின் செய்ய வேண்டிய செலவு இல்லை. மளிகைக் கடைக்குப் போகும் வண்டியின் எஞ்சினே போதும். அதே யுக்தியை ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் 1984-ல் கையாண்டு 'எம்.ஆர்.2' என்ற வண்டியைச் செய்தார்கள். எஞ்சின் நடுவில், ஆசனம் இரண்டு என்பதைத்தான் அந்தப் பெயர் சுருக்கமாகச் சொல்கிறது. பிரான்ஸ் தேசத்தில் மட்டும் அந்த '2' என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு உச்சரிப்பில் அந்தப் பெயரை வேகமாய்ச் சொன்னால், பெரியவர்கள் முன்னிலையில் சொல்லத் தகாத ஒரு வார்த்தையைப்போல் ஒலிக்குமாம்!

என்னிடம் இருப்பது அந்த வரிசையில் 1999-ல் வெளிவந்த மூன்றாவது மாதிரி. 2007-ஆம் வருஷத்தோடு அதைச் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் 1.8 லிட்டர், சக்தி ஏறக்குறைய 140 குதிரை, கனம் ஏறக்குறைய 1,000 கிலோ. இக்காலத்து வண்டிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய சக்தியல்ல. சுமப்பதற்கு உடம்பு இல்லாததால் அந்தச் சக்தியே தாராளம்.

*

பழைய வண்டியாக வாங்கினேன். விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. வாங்குவதற்கு முன், மழைக் கோட்டைத் தரையில் விரித்து, வண்டியின் கீழே படுத்து, துரு எங்கே எவ்வளவு தின்றிருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவும் தேசம் இது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் வண்ணத்தையும் பளபளப்பையும் பார்ப்பதைவிட அடிவயிற்றைப் பார்ப்பதே விவேகம்.

சாமான் வைக்க ஆசனங்களுக்குப் பின்னால் மூடி போட்ட இரண்டு பொந்துகள் இருக்கின்றன. முன் மூடியைத் திறந்தால் உபரிச் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் தமிழ்க் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையை அதில் கொண்டு வர நேர்ந்தது. பக்கத்து ஆசனத்தில் மூட்டையை உட்கார வைத்து, பெல்ட்டும் கட்டி, பத்திரமாய்க் கொண்டு வந்து சேர்த்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "எனக்குக் கதவைக்கூடத் திறந்துவிட மாட்டீர்கள். அரிசிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!" என்றாள்.

இன்னும் சில சங்கடங்களும் உண்டு. வண்டி மிகத் தாழ்வு. அதனுள் இறங்குவது எளிது; ஏறி வெளியே வருவதற்கு முழங்கால்களின் சம்மதம் வேண்டும். சாலையில் லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் நம் காதுக்கு நேரே சுழலும். எஞ்சின் பின்னால், அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் முன்னால். ஆகவே தண்ணீர்க் குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் அடியில் ஓடுகின்றன. தண்ணீர் மாற்றும்போது அந்த நீண்ட குழாய்களில் காற்றுக் குமிழ் தங்காதபடி பொறுமையாக வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சின் கொதிக்கும். மற்றபடி, எஞ்சின் குடும்ப வண்டிகளின் எஞ்சினோடு உறவு கொண்டதாகையால், உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஏழை வீட்டுப் பிள்ளை பெரிய சங்கீத வித்துவான் ஆனாலும், சாப்பாடு என்னவோ பழைய சோறும் ஊறுகாயுந்தான் என்பதுபோல்!

இவ்வளவும் எதற்காக என்றால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒரு மணி நேரத்துக்காக. ஷெஃபீல்டிலிருந்து மேற்கே கிளாஸப் என்ற ஊரை நோக்கி, பென்னைன் மலைகளைத் தாண்டிச் செல்லும் சாலை ஒன்று இருக்கிறது. 'ஸ்நேக் பாஸ்' என்று பெயர். லேடிபவர் நீர்த்தேக்கத்தைக் கடந்ததும், சாலை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறி, மரமே இல்லாத மேட்டு நிலத்தை அடைகிறது. ஆகஸ்டு மாதத்தில் அந்த மேடு முழுவதும் ஊதா நிறப் பூக்கள் மண்டிக் கிடக்கும். ஆடுகள் சாலை ஓரத்தில் நின்று, இந்த மனிதனுக்குத் தூக்கம் வரவில்லையா என்று கேட்பதுபோல் பார்க்கும். கூரைத் துணியை மடித்துவிட்டால் குளிர்ந்த காற்று தலைமேல் ஓடும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் பாடும். வேகம் பெரிதல்ல, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே ஒவ்வொரு வளைவும் ஓர் ஆனந்தம். கையை அசைக்கிறோமா, எண்ணத்தை அசைக்கிறோமா என்ற சந்தேகம் உண்டாகும். வாரம் முழுவதும் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை வறளக் கத்தியவனுக்கு, சொன்னதைச் சொன்னபடி கேட்கும் ஒரு வஸ்து கிடைத்தது பெரிய ஆறுதல் அல்லவா?

அந்த ஆறுதல்தான் என்னை ஏமாற்றியது.

*

சென்ற அக்டோபரில் ஒரு மாலை. பெண்ணை அவளுடைய சிநேகிதி வீட்டிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். காலை முதல் தூறல். வழியில் ஒரு வட்டச் சந்தி. வேகம் மணிக்கு 30 மைலுக்கும் குறைவு. வட்டத்தில் பாதி தூரம் சுற்றிவிட்டேன். முன்னால் சென்ற வண்டி எதிர்பாராமல் வேகத்தைக் குறைத்தது. நானும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன்.

அடுத்த இரண்டு விநாடியில் நடந்ததை எழுத இத்தனை வரிகள் வேண்டியிருக்கின்றன. வண்டியின் பின்பாகம் வெளிப்பக்கமாக நழுவியது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அதற்குள் காலம் கடந்துவிட்டது. கடைகளின் விளக்குகள் கண்முன் கோடுகளாக ஓடின. பின் சக்கரம் ஒன்று ஓரக் கல்லில் மோதிற்று. வண்டி நின்றபோது, நாங்கள் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்தவர் நல்லவேளையாகத் தூரம் விட்டு வந்திருந்தார், நிறுத்திவிட்டார். எனக்கும் அடியில்லை, பெண்ணுக்கும் அடியில்லை. இரண்டு கைகளாலும் ஆசனத்தைப் பற்றிக்கொண்டிருந்த அவள், "அப்பா" என்ற ஒரே வார்த்தையைச் சொன்னாள். இதை எழுதும்போதும் அந்தக் குரல் காதில் ஒலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சக்கரத்திலிருந்த கீறலைப் பார்த்து, "என்ன ஆயிற்று?" என்றாள். "சாலையில் யாரோ எண்ணெய் சிந்தியிருக்கிறார்கள். வழுக்கிவிட்டது" என்றேன். பெண் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

எண்ணெய் இருந்ததோ என்னவோ, நான் காணவில்லை. காணாத எண்ணெயைச் சாட்சிக்கு அழைத்தேன். பரீட்சையில் தவறிய பையன், கேள்வித்தாளைக் குறை சொன்னால் நான் எவ்வளவு கோபித்துக்கொள்வேன்!

நாலு நாள் கழித்துப் பெண் தன் பௌதிக நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, அன்றைக்கு நீங்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். "அப்படியானால் பாரம் முன்னால் சாய்ந்திருக்கும் அல்லவா?" என்றாள்.

ஆம், முழு விஷயமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஓடும் வண்டியில் காலைச் சட்டென்று எடுத்தால், வேகம் தணிகிறது. பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன. பின் சக்கரங்களின் பிடி தளர்கிறது. எஞ்சின் முன்னால் இருந்து முன் சக்கரங்களை இழுக்கும் குடும்ப வண்டியில், வளைவில் வேகம் மிஞ்சினால் முதலில் முன் சக்கரங்கள்தாம் வழுக்கும். அப்போது காலை எடுப்பது பெரும்பாலும் சரியான மருந்து. இருபது வருஷம் அத்தகைய வண்டியை ஓட்டி என் கால் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் என் சின்ன வண்டியில் கனத்தின் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. பிடி தளர்ந்த பின் சக்கரங்கள் அந்தக் கனத்தைத் தாங்க மாட்டாமல் விட்டுவிடுகின்றன. குடங்கள் மார்போடு அணைந்திருக்கும் வண்டி, நாம் கேட்டபோது எவ்வளவு விரைவில் திரும்புகிறதோ, கேட்காதபோதும் அவ்வளவு விரைவில் சுழன்றுவிடும். ஸ்நேக் பாஸில் எனக்கு ஆனந்தம் கொடுத்த குணந்தான் வட்டச் சந்தியில் என்னைத் திருப்பிப் போட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் அல்ல. இதே வண்டியின் இரண்டாவது மாதிரி 1989-ல் வெளிவந்தபோது, வளைவில் காலை எடுத்தவர்கள் பலர் இதே பாடத்தைக் கற்றார்கள். பிற்பாடு செய்தவர்களே அதன் சக்கரங்களையும் வில் அமைப்பையும் மாற்றிச் சாந்தப்படுத்தினார்கள். இக்காலத்தில் இந்தப் பிழையைத் தடுக்க யந்திரக் காவலன் வந்துவிட்டான். வண்டி சுழலத் தொடங்குவதை அறிந்து, தானே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு நேராக்கிவிடும் சாதனம் அது. ஐரோப்பாவில் 2014 முதல் புதிதாக விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். என் பழைய வண்டியில் அந்தக் காவலன் இல்லை. நான்தான் காவல், காவல்காரனோ அன்று தூங்கிவிட்டான்.

என் குற்றம் இதோடு முடியவில்லை. இந்நாட்டில் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கப் பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டும். கோடையில் என் வண்டி அதில் தேறியது. ஆனால் 'பின் டயர்கள் தேய்ந்து வருகின்றன. கவனிக்கவும்' என்று காகிதத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அப்போது என் டயர்களில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. 'சட்டம் அனுமதிக்கும் வரை ஓடட்டும். தீபாவளிச் செலவு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போட்டேன். சட்டம் விதிப்பது மிகக் கடைசி எல்லை. 35 மார்க்கு வாங்கித் தேறிய பையனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை. பாரம் பின்னால் இருக்கும் வண்டியில், மழைநீரை ஒதுக்கித் தள்ள வேண்டிய பின் டயர்களிலேயே நான் சிக்கனம் பிடித்தேன்.

அன்று இரவு என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். எண்ணெய் இல்லை, என் கால்தான் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். மேஜை அறையைத் திறந்து, அந்தப் பரீட்சைக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதை நான் அப்பொழுதே படித்தேன். படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுத்தேன். டயருக்குப் பணம் இல்லையென்றால் சொல்லியிருக்கலாம். புடவை வாங்காமல் இருந்திருப்பேன். பெண்ணை உட்கார வைத்துக்கொண்டா சிக்கனம் பார்ப்பது?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

*

மறுநாளே நான்கு டயர்களையும் மாற்றினேன். சக்கரங்களின் நேரையும் சரி பார்க்கச் செய்தேன். பிறகு செய்த காரியம் ஒன்றை வாசகர்களுக்குச் சிபாரிசு செய்ய விரும்புகிறேன். நீர் தெளித்து வழுவழுப்பாக்கிய விசாலமான தளத்தில், வேண்டுமென்றே வண்டியை வழுக்கவிட்டுப் பழக்கும் இடங்கள் இந்நாட்டில் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை பாதி நாள் அங்கே சென்று மாணவனாக உட்கார்ந்தேன். கற்பிக்கும் இளைஞருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை சுழன்றேன். பன்னிரண்டாவது தடவை சுழலவில்லை.

அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகத்தைக் குறைப்பதென்றால் வளைவுக்கு முன்னாலேயே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் காலை அப்படியே நிதானமாக வைத்திருக்க வேண்டும். சட்டென்று எடுக்கவும் கூடாது, சட்டென்று மிதிக்கவும் கூடாது. சாலை நேராகத் திறக்கும்போது மெல்ல வேகத்தைக் கூட்டலாம். தப்பித் தவறிப் பின்பாகம் நழுவினால், மோதப் போகும் கல்லைப் பார்க்காமல் போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கைகள் கண்களைப் பின்பற்றும். முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் மழைக்காலத்தில் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். இந்தக் கடைசிப் பாடம் ஒன்றை நான் கடைப்பிடித்திருந்தால், மற்றப் பாடங்கள் அன்று தேவைப்பட்டே இரா.

இனி என் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். சாவி எப்போது?

அவள் முதலில் குடும்ப வண்டியில் கற்றுக்கொண்டு பரீட்சையில் தேறட்டும். 17 வயதுப் பிள்ளைகள் இருவர் அமரும் வண்டியை ஓட்டுவதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்கும் தொகையும் அந்த யோசனையை ஆதரிக்கிறது. பிறகு மழையிலும் பனியிலும் ஒரு குளிர்காலம் ஓட்டட்டும். பிறகு அவளும் நானும் சேர்ந்து அந்த வழுக்குத் தளத்துக்குப் போவோம். அவள் எத்தனை தடவை சுழல்கிறாள் என்று நான் எண்ணுவேன். என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவள் காலுக்குப் பழைய வழக்கங்களை மறக்க வேண்டிய சிரமம் இல்லை. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஸ்நேக் பாஸ் அடிவாரத்தில், வலப்பக்க ஆசனத்திலிருந்து இறங்கி இடப்பக்கம் போய் உட்காருவேன்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி அப்பா. ஆனால் ஒரு நிபந்தனை. நான் எங்கேயாவது மோதிவிட்டு வந்தால், எண்ணெய் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் கத்தக் கூடாது" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய வண்டியில், ஒருவரிடம் ஒருவர் மறைப்பதற்கும் இடம் இல்லைதான். சாவி இப்போதைக்குச் சமையலறை ஆணியில், பரீட்சைக் காகிதத்தின் பக்கத்தில் தொங்குகிறது. காகிதத்தை அங்கே மாட்டி வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.